பதிமூன்றாம் கிராஸ் பீர்

நவம்பர் 9

திறந்தாயிற்று. பெங்களூர் கம்மனஹள்ளியில், பதிமூன்றாம் கிராஸில், என் மாமனாரின் அச்சகம் இருந்த கட்டடம் இன்று முதல் பீர்க் கடை. கீழ்த்தளத்தில் ஆறு டேங்க். மேலே இரண்டு மாடி நிறைய மேசை நாற்காலி. காய்ச்சுவது நான். விற்பது என் மனைவி ரேகாவின் தம்பி யுவராஜ். லைசென்ஸ் அவன் பெயரில், கட்டடம் அவன் அப்பா பெயரில். பீர் மட்டும் என்னுடையது.

யுவராஜ் மைக்கைப் பிடித்து எல்லோருக்கும் நன்றி சொன்னான். விளக்கு மாட்டியவன், சுவரில் படம் வரைந்த பெண், போர்டு எழுதியவன் வரை பெயர் வந்தது. என் பெயர் வரவில்லை. ரேகா என் முழங்கையைத் தொட்டு, "மறந்திருப்பான், விடுங்க" என்றாள். தம்பிக்கு வக்காலத்து வாங்க அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம்.

கோதுமை பீரை ஒரு வாய் குடித்த ஒருவர், "இதுல வாழைப்பழம் போடுறீங்களா?" என்று என்னிடம் கேட்டார். நல்ல கேள்வி. பழமும் இல்லை, லவங்கமும் இல்லை, ஈஸ்ட் புளிக்கும்போது அந்த வாசனைகளை அதுவே உண்டாக்குகிறது, டேங்கில் சூடு கொஞ்சம் ஏறினால் வாழைப்பழம் தூக்கும், இறங்கினால் லவங்கம் தூக்கும் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். யுவராஜ் நடுவில் நுழைந்து, "ஏலக்கி வாழைப்பழம் சார். எங்க சொந்தத் தோட்டம்" என்றான். எங்களுக்கு ஒரு முருங்கை மரம்கூடக் கிடையாது.

மால்ட் தானிய மூட்டை அறைக்குள் அவனை இழுத்துப் போய்க் கேட்டேன். "எதுக்குடா பொய் சொன்ன?"

"மாமா, அவர் குடிக்க வந்திருக்காரு. பாடம் படிக்க வரல."

முதல் நாளே தெரிந்துவிட்டது, இவனோடு எப்படி இருக்கப்போகிறது என்று.

டிசம்பர் 15

சனி ஞாயிறு என்றால் வாசலில் வரிசை. தெருவில் வண்டி நிறுத்த இடமில்லாமல் எதிர்வீட்டுக்காரர் தினமும் சண்டைக்கு வருகிறார். ஆறு டேங்கும் போதவில்லை. கோதுமை பீர் தயாராக இரண்டு வாரம் ஆகும், அதற்கு முன்னால் திறக்கமாட்டேன் என்கிறேன். யுவராஜுக்கு அது புரியவில்லை. "கொஞ்சம் சீக்கிரமா பண்ணுங்க மாமா" என்கிறான், ஏதோ நான் தோசை ஊற்றுகிற மாதிரி.

ஆங்கிலப் பேப்பரில் அரைப்பக்கம். நகரத்துக்கு முகர்ந்து குடிக்கக் கற்றுக்கொடுத்த இளைஞன் என்று அவன் படம். கையில் கிளாஸ். அதைப் பிடித்திருக்கிற விதத்திலேயே தெரிகிறது, அவனுக்கு ஒன்றும் தெரியாது என்று.

சென்னைக்கு வெளியே பெரிய பீர் ஆலையில் பதினான்கு வருடம் தர சோதனையில் இருந்தேன். அங்கே என்னை யாரும் திருஞானம் என்று கூப்பிட்டதில்லை. மூக்கு சார். ஒருமுறை டேங்க் வரிசையின் ஊடாக நடந்துபோகும்போதே நின்று, இந்த மூடியில் வாஷர் அழுகியிருக்கிறது என்றேன். சிரித்தார்கள். திறந்தார்கள். அதன் பிறகு சிரிக்கவில்லை. இதையெல்லாம் பேப்பர்க்காரர்களிடம் யார் சொல்வது? நான் போய்ச் சொல்லமாட்டேன்.

எனக்கு உதவிக்கு இருப்பவள் ஷெரின். கோலார் தங்கவயல் பெண். உணவுத் தொழில்நுட்பம் படித்தவள். வாயாடி, வேலை தெரிந்தவள். இரண்டாவதைச் சொன்னால் முதலாவது இன்னும் கூடும் என்பதால் சொல்வதில்லை.

டிசம்பர் 31

இருந்த பீரெல்லாம் காலி. யுவராஜ் மேசைமேல் ஏறி ஆடினான். மேசை உடைந்தது.

ஜனவரி 19

பொங்கலன்று பிடித்த காய்ச்சல் இன்றுதான் விட்டது. உடம்பு அடித்துப்போட்ட மாதிரி இருக்கிறது. யுவராஜ் பழக்கூடையோடு வந்தான். கட்டிலருகே உட்கார்ந்து நலம் விசாரித்தது இரண்டு நிமிடம், மாம்பழ பீர் பற்றிப் பேசியது ஒரு மணி நேரம். பதில் சொல்லத் தெம்பில்லாமல் கண்ணை மூடிக்கொண்டேன். சம்மதம் என்று எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

ஜனவரி 27

வேலைக்குத் திரும்பினேன். சளி இன்னும் விடவில்லை. நான் இல்லாதபோது ஷெரின் இரண்டு டேங்க் போட்டிருக்கிறாள். குறை ஒன்றும் கண்ணில் படவில்லை. படும்.

இரவு ரேகா வைத்த ரசம் வெந்நீரில் புளி கரைத்த மாதிரி இருந்தது. பெருங்காயம் போட்டாயா என்று கேட்டேன். போட்டேன் என்றாள். மலிவாக எதையாவது வாங்கியிருப்பாள். காபிப் பொடியும் அப்படித்தான். பல வருடமாக வாங்குகிற கடை, இப்போது வெறும் சிக்கரியைக் கலந்து கொடுக்கிறான். போய்ச் சத்தம் போட்டுவிட்டு வந்தேன். இனி அந்தக் கடைக்குப் போகப்போவதில்லை.

பிப்ரவரி 8

டாக்டரைப் பார்த்தேன். ஒன்றுமில்லை என்றார். மூக்கில் அடிக்க ஒரு மருந்து கொடுத்திருக்கிறார்.

புதுக் கடைக் காபிப் பொடியும் மோசம்.

பிப்ரவரி 21

டேங்க் திறக்கும் முன்னால் ருசி பார்ப்பதில் ஒரு புது முறை வைத்திருக்கிறேன். முதலில் ஷெரின் முகர்ந்து சொல்ல வேண்டும். பிறகு நான் சொல்வேன். அவளுக்குப் பயிற்சி வேண்டாமா?

"லவங்கம் கொஞ்சம் கூட இருக்கு சார். பழம் கம்மி."

"அதான் சூட்ட ஏத்தச் சொன்னேன், நீ கேக்கல" என்றேன்.

"நீங்க சொல்லவே இல்லையே சார்."

சொல்லியிருப்பேன். நாக்கில் கசப்பும் புளிப்பும் இனிப்பும் தெளிவாகத் தெரிகின்றன. சர்க்கரை அளவு, புளிப்பு அளவு எல்லாவற்றுக்கும் மீட்டர் இருக்கிறது. மீட்டர் பொய் சொல்லாது. மனுஷர்கள்தான் சொல்வார்கள்.

யுவராஜ் இரண்டாவது கிளைக்கு இடம் பார்த்துக்கொண்டிருக்கிறானாம். என்னிடம் சொல்லவில்லை. வெயிட்டர் சொல்லித் தெரிந்துகொண்டேன்.

மார்ச் 4

காலையிலிருந்து வீட்டில் ரகளை. எங்கோ எலி செத்துக் கிடக்கிறது என்று ரேகா மூக்கில் முந்தானையோடு திரிந்தாள். மகள் நிலானி பள்ளிக்கூடம் கிளம்பும் முன்பே ஓங்கரித்துவிட்டாள். பதினொரு வயதுக்கு இவ்வளவு நாடகம் ஆகாது.

"ஆமாம், லேசா வருது" என்றேன்.

"லேசாவா?" என்றாள் ரேகா.

நானே தேடினேன். பரண், அலமாரி, குளிர்சாதனப் பெட்டிக்குப் பின்னால். ஷூ வைக்கிற பெட்டியருகே நின்று, இங்கே இல்லை, வெளியிலிருந்து வருகிறது என்று சொன்னேன். நிலானி கதவுக்கு அந்தப் பக்கம் நின்றபடி, "அப்பா, உங்க கால்கிட்டதாம்ப்பா" என்றாள். குனிந்து பார்த்தால் பெட்டிக்கடியில் வால் தெரிந்தது.

எடுத்துப் போட்டுவிட்டுக் கை கழுவி வந்தேன். ரேகா அதே இடத்தில் நின்று என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். என்ன என்று கேட்டேன். ஒன்றுமில்லை என்றாள். இந்தப் பார்வையெல்லாம் எனக்குப் பிடிப்பதில்லை.

மார்ச் 13

கட்டடத்து போர்வெல் வற்றிவிட்டது. இனி மழை வரும்வரை டேங்கர் தண்ணீர்தான். லாரிக்காரர்கள் குளோரினைக் கொட்டி எடுத்துவருகிறார்கள். எங்கள் கார்பன் ஃபில்டர் அதைப் பிடித்துவிடும்.

ஷெரின் ஃபில்டரை இப்போதே மாற்ற வேண்டும் என்கிறாள். நவம்பரில்தான் போட்டது. கம்பெனிக்காரன் ஆறு மாதம் வரும் என்று எழுதியே கொடுத்திருக்கிறான்.

"அது போர்வெல் தண்ணிக்குச் சொன்னது சார். இந்தத் தண்ணி வேற."

சோதனைத் தாளை நனைத்துக் காட்டினேன். நிறம் மாறவில்லை. பேசாமல் போனாள். பேசாமல் போவதையும் சத்தமாகச் செய்யத் தெரிந்த பெண்.

மார்ச் 24

ஷெரினை வேலையை விட்டு அனுப்பிவிட்டேன்.

நான்காம் டேங்க் கோதுமை பீர். வெள்ளிக்கிழமை ஒரு சாஃப்ட்வேர் கம்பெனி ஆண்டு விழாவுக்கு இரண்டு மாடியையும் எடுத்திருக்கிறது, அவர்களுக்கென்றே போட்டது. காலையில் கிளாஸில் பிடித்து முகர்ந்தவள் முகத்தைச் சுளித்தாள்.

"சார், ஆஸ்பத்திரி வாசன வருது. காயத்துக்குக் கட்டுற பேண்டேஜ் மாதிரி. ஃபில்டர் போயி குளோரின் உள்ள வந்திருச்சு சார், நான் அப்பவே சொன்னேன்."

நான் வாங்கி முகர்ந்தேன். குடித்தேன். "எனக்கு அப்படி ஒண்ணும் இல்ல" என்றேன்.

"இன்னொரு தடவ பாருங்க சார்."

"பாத்தாச்சு."

"சார், இது தெரியாம இருக்கவே முடியாது. கிளாஸ மேசைல வச்சாலே வருது." குரலைத் தாழ்த்திக்கொண்டு, "உங்களுக்குக் காய்ச்சல் வந்ததிலேருந்து..." என்றாள்.

அவளை முடிக்க விடவில்லை. ஏப்ரனைக் கழற்றி வைத்துவிட்டுக் கிளம்பு என்றேன். இந்த வேலையை நான் தொடங்கியபோது இவள் பள்ளிக்கூடத்துக்குப் போய்க்கொண்டிருந்திருப்பாள். என் மூக்கைப் பற்றி இவள் பேசுவதா? அவள் அழவில்லை. ஏப்ரனை மடித்து மேசைமேல் வைத்தாள். "டேங்க் நாலத் திறக்காதீங்க சார்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள்.

யுவராஜ் வந்து குதித்தான். கீழ்த்தளத்தில் யார் இருக்க வேண்டும் என்று முடிவு செய்வது நான் என்றேன்.

சர்க்கரை சரி. புளிப்பு சரி. சூடு சரி. எல்லாம் சரி.

மார்ச் 28

நான்காம் டேங்கைத் திறந்தோம்.

மார்ச் 29

நேற்று நடந்ததை எழுதிவிடுகிறேன்.

சாஃப்ட்வேர் கம்பெனி ஆட்கள் ஏழு மணிக்கு வந்தார்கள். முதல் சுற்று கிளாஸ்கள் மேலே போயின. நான் படிக்கட்டில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். வாயருகே கொண்டுபோனவர்கள் அப்படியே நின்றார்கள். ஒருவர் மற்றவர் கிளாஸை வாங்கி முகர்ந்தார். ஒரு பெண் சிரித்துக்கொண்டே கையில் தேய்த்து, ஊசி போடும் முன் நர்ஸ் தடவுகிற மாதிரி நடித்துக் காட்டினாள். எல்லோரும் அதை ஃபோனில் எடுத்தார்கள். வெயிட்டர்கள் நிரம்பிய கிளாஸ்களை அப்படியே கீழே கொண்டுவந்து வரிசையாக வைத்தார்கள். சாப்பிட்டு முடிக்காமலே கூட்டம் கலைந்தது. யுவராஜ் என்னைக் கேட்டபோது, குடிக்கத் தெரியாத கூட்டம் என்று சொன்னேன்.

இன்று மதியம் யுவராஜ் என்னை மேலே கூப்பிட்டான். சமையல்காரர், வெயிட்டர்கள் எல்லோரும் நின்றுகொண்டிருந்தார்கள். மேசைமேல் ஒரு கிளாஸ் பீர்.

"இது ரெண்டாவது டேங்க் மாமா. இதாவது நல்லா இருக்கான்னு சொல்லுங்க. இன்னைக்கு ராத்திரி இதத்தான் ஊத்தணும்."

எடுத்தேன். சுழற்றினேன். முகர்ந்தேன். எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு வாய் குடித்தேன்.

"நல்லா இருக்கு. வாழைப்பழம் முன்னால வருது, லவங்கம் பின்னாடி. கடைசில ரொட்டி வாசன. இதுல என்ன குறை?"

ஒரு வெயிட்டர் தலையைக் குனிந்துகொண்டான். யுவராஜ் பின்னாலிருந்து ஒரு பாட்டிலை எடுத்து மேசைமேல் வைத்தான்.

"பன்னீர் மாமா. குலாப் ஜாமூனுக்கு வாங்கி வச்சிருந்தது. அரை பாட்டில் ஊத்தியிருக்கேன். கல்யாண மண்டபம் மாதிரி மணக்குது. அங்க வாசல்ல நிக்கிற செக்யூரிட்டிக்குக்கூடத் தெரியுது."

கிளாஸைக் கீழே வைத்தேன். வைத்தபோது மேசையில் சிந்தியது. சமையல்காரர் உடனே துணியை எடுத்துத் துடைத்தார். அவர் துடைத்ததைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

"எத்தன நாளா?" என்றான் யுவராஜ்.

நான் படியிறங்கி வந்துவிட்டேன்.

மார்ச் 30

வெளியே போகவில்லை.

ஏப்ரல் 1

ரேகாவோடு சண்டை. நீதான் உன் தம்பியிடம் சொல்லியிருக்கிறாய் என்றேன்.

காய்கறி நறுக்கிக்கொண்டிருந்தவள் கத்தியைக் கீழே வைத்தாள். "எலி செத்த அன்னைக்கே எனக்குத் தெரியும். ரசத்துலயே சந்தேகம். அதுக்கப்புறம் தினம் பால நான் மோந்து பாத்துட்டுதான் உங்களுக்குக் காபி போடுறேன். படுக்கப் போறதுக்கு முன்னாடி கேஸ் மூடியிருக்கான்னு ரெண்டு தடவ பாக்குறேன். நிலானிகிட்டயும் சொல்லி வச்சிருக்கேன், அப்பா சமையக்கட்டுல இருந்தா நீயும் போய் நில்லுன்னு."

"அப்புறம் போய் தம்பிகிட்ட சொல்லிட்ட."

"சொல்லலங்க. சொல்லியிருந்தா அந்த டேங்க அவன் திறந்திருப்பானா? நீங்களே சொல்வீங்கன்னு இருந்தேன். சொல்லாம இருந்ததுக்குத்தான் இப்போ எனக்கு வயிறு எரியுது."

நிலானி அறைக்குள் பாட்டுச் சத்தத்தைக் கூட்டி வைத்தாள்.

பிப்ரவரியில் டாக்டர் சொன்னது வேறு. காய்ச்சலில் வாசனை நரம்பு செத்துப்போயிருக்கிறது என்றார். சிலருக்கு ஒரு வருடத்தில் திரும்பும், சிலருக்குத் திரும்பாது என்றார். என்ன வேலை செய்கிறீர்கள் என்று கேட்டார். கணக்கு எழுதுகிறேன் என்றேன்.

ஏப்ரல் 14

சித்திரை முதல் நாள். விடுமுறை. வழக்கமாக நிற்க இடமிருக்காது. இன்று எண்ணிப் பார்க்கிற அளவுக்குத்தான் ஆட்கள். பேண்டேஜ் பீர் என்று பெயர் வைத்துவிட்டார்கள். அந்தப் பெண் நர்ஸ் மாதிரி நடித்த வீடியோவை இந்த ஊரில் பார்க்காதவர்கள் கிடையாது. நிலானியின் வகுப்பில் ஒருவன் அதை அவளிடம் காட்டி, இது உங்க மாமா கடைதானே என்று கேட்டிருக்கிறான்.

யுவராஜ் நான்காம், ஐந்தாம் டேங்குகளைக் கொட்டச் சொன்னான். இரண்டாவது கிளைப் பேச்சு நின்றுவிட்டது. ஷெரினைத் திரும்பக் கூப்பிடச் சொன்னான்.

"நான் கூப்பிட்டேன், எடுக்கல. நீங்க பேசுங்க. நீங்கதான அனுப்பினது."

இரண்டு நாள் தள்ளிப்போட்டு இன்று பேசினேன். வொயிட்ஃபீல்டில் வேறொரு இடத்தில் சேர்ந்துவிட்டாளாம். நான் தப்பு செய்துவிட்டேன் என்று சொல்ல நினைத்து, அந்தப் பக்கத்துத் தண்ணீர் எப்படி என்று கேட்டேன்.

"நல்லா இருக்கு சார்." பிறகு அவளே சொன்னாள். "உங்களப் பத்தி நான் இங்க யார்கிட்டயும் எதுவும் சொல்லல. மூக்கு போனதுக்கு நீங்க என்ன பண்ணுவீங்க. ஆனா அத மறைக்க என்னைய வேல தெரியாதவ மாதிரி அனுப்பினீங்க பாருங்க, அதுக்காகத்தான் வரமாட்டேன்."

அவள் திட்டியிருந்தால் திருப்பித் திட்டியிருப்பேன்.

மே 11

மழை இல்லை. கூட்டம் இல்லை. சமையல்காரர் போய்விட்டார். யுவராஜ் ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம் என்று போர்டு வைத்தான். வாங்கியவர்கள் இலவசத்தையும் முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் குடித்தார்கள்.

நானும் அவனும் வேலை விஷயம் தவிர வேறெதுவும் பேசுவதில்லை. பன்னீரை நான் மறக்கவில்லை. மறக்கிற எண்ணமும் இல்லை. தனியாகக் கூப்பிட்டுக் கேட்டிருக்கலாம். கேட்டிருந்தால் சொல்லியிருப்பேனா என்பது வேறு.

ஜூன் 6

ஃபில்டரை மாற்றியாயிற்று. தண்ணீரை வெளியே கொடுத்துச் சோதித்தாயிற்று. புதிதாக ஒருவரை வைக்க வழியில்லை. கடைசியாக ஒரு டேங்க் கோதுமை பீர் போட்டுப் பார்ப்போம் என்றான் யுவராஜ். நான் காய்ச்சுவது, அவன் முகர்வது. வேறு மூக்கு கிடைக்காததால் அவன் மூக்கு.

நேற்று, அவன் முகர்ந்த முதல் நாளே சண்டை.

"எப்படி இருக்கு?"

"நல்லா இருக்கு."

"நல்லா இருக்குன்னா என்னடா? பழமா, வெண்ணெயா, கந்தகமா? முட்ட அழுகின வாசன இருக்கா?"

"ஒரு மாதிரி இருக்கு."

"ஏழு மாசமா பீர் விக்கிற. ஒரு மாதிரிங்கற."

"நீங்க அஞ்சு மாசமா வாசன தெரியாமலே பீர் காய்ச்சினீங்க. நான் ஒரு மாதிரின்னு சொன்னா தப்பா?"

சாவியை எறிந்துவிட்டுப் போனான். இன்று காலை நான் போனபோது அவன் கீழ்த்தளத்தில் உட்கார்ந்திருந்தான். முன்னால் ஒரு தட்டில் வாழைப்பழம், லவங்கம், வெண்ணெய், மெடிக்கலில் வாங்கிய பேண்டேஜ் சுருள். ஒவ்வொன்றாக முகர்ந்துவிட்டு டேங்க் வால்வில் பிடித்ததை முகர்ந்துகொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் தட்டைத் தள்ளி வைத்தான்.

"சிரிக்காதீங்க" என்றான்.

நான் சிரிக்கவில்லை. வெண்ணெய் இருக்கிறதா என்று கேட்டேன். கொஞ்சம் இருக்கிறது என்றான். அப்படியானால் இன்னும் மூன்று நாள் சூட்டைக் குறைக்கக் கூடாது என்றேன். ஈஸ்ட் அதைத் தின்றுவிடும்.

ஜூன் 18

மாமனார் வீட்டில் எல்லோரையும் உட்காரவைத்துப் பேசினார். இந்த மாதம் முப்பதோடு லைசென்ஸ் வருடம் முடிகிறது. புதுப்பிக்கப்போவதில்லை. கட்டடத்தை ரத்தப் பரிசோதனை நிலையம் ஒன்றுக்குப் பேசி முடித்துவிட்டார்.

யுவராஜ் எதிர்த்துப் பேசுவான் என்று நினைத்தேன். தட்டில் இருந்த முறுக்கை உடைத்துக்கொண்டே இருந்தான். சாப்பிடவில்லை. திரும்பி வரும்போது லிஃப்டில் நாங்கள் இருவர் மட்டும்.

"உங்களாலதான்" என்றான்.

"தெரியும்" என்றேன். இத்தனை மாதத்தில் நாங்கள் ஒத்துப்போன முதல் விஷயம்.

ஜூன் 24

டேங்க் தயாராகிவிட்டது என்று மீட்டர்கள் சொல்கின்றன. யுவராஜை நான் கேட்கவில்லை. கடையில் மூன்று மேசை. அவர்கள் கேட்டது எலுமிச்சை சோடா.

ஜூன் 30

கலால் இன்ஸ்பெக்டர் பதினொரு மணிக்கு வந்தார். லைசென்ஸ் முடிகிற அன்று மீதமிருக்கும் பீரை அவர் கண்ணெதிரே சாக்கடையில் விட வேண்டும், அதுதான் சட்டம். மற்ற டேங்குகள் ஏற்கெனவே காலி. கடைசியாகப் போட்டது மட்டும் அப்படியே இருந்தது. கிட்டத்தட்ட முழு டேங்க்.

டேங்கின் வாயிலிருந்து பின்கட்டுச் சாக்கடை வரை குழாய் போட்டேன். யுவராஜ் அந்த முனையைச் செங்கல் வைத்து அழுத்தினான். யாரும் அவனை வரச் சொல்லவில்லை. கசங்கிய சட்டை, சவரம் செய்யாத முகம். ரத்தப் பரிசோதனைக்காரர்களின் ஆட்கள் மேலே சுவரை அளந்துகொண்டிருந்தார்கள். சுவரில் இருந்த படத்துக்கு வெள்ளை அடிப்பதா, டைல்ஸ் ஒட்டுவதா என்று சத்தமாகப் பேசிக்கொண்டார்கள்.

இன்ஸ்பெக்டர் கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டி, "பேக, பேக" என்று கன்னடத்தில் அவசரப்படுத்தினார்.

வால்வில் கை வைத்தேன். திருகவில்லை. பதினைந்து வருடமாக ஒரு டேங்கையும் என்னவென்று தெரியாமல் திறந்ததில்லை. நான்காம் டேங்கைத் தவிர. சிறிய குழாயில் ஒரு கிளாஸ் பிடித்தேன். பார்க்க அழகாக இருந்தது. கலங்கலான மஞ்சள், மேலே கெட்டியாக வெள்ளை நுரை. பழக்கத்தில் மூக்கருகே கொண்டுபோனேன். குளிர்ச்சி தெரிந்தது. அவ்வளவுதான்.

இன்ஸ்பெக்டர் பார்த்துக்கொண்டிருந்தார். மேலே இருந்த ஆட்களும் எட்டிப் பார்த்தார்கள். நான் கிளாஸை யுவராஜிடம் நீட்டினேன்.

"எப்படி இருக்குன்னு சொல்லு."

இதை நான் இதுவரை யாரிடமும் கேட்டதில்லை. ஷெரினிடம் கேட்டதெல்லாம் பரீட்சை. டேங்க் பக்கத்தில் யுவராஜிடம் கேட்டதும் அப்படித்தான்.

அவன் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு வாங்கினான். கண்ணை மூடிக்கொண்டு முகர்ந்தான். ஒரு வாய் குடித்தான். திரும்ப முகர்ந்தான். இன்ஸ்பெக்டரின் அவசரத்தைப் பொருட்படுத்தவில்லை.

"பழம் வருது" என்றான். "ஆனா அதுவே முன்னால வந்து நிக்கல. லவங்கமும் கூடவே வருது. ரெண்டும் ஒண்ணா."

"வெண்ணெய்?"

"துளிகூட இல்ல."

"வேற ஏதாவது? மருந்து, துணி, அட்டை?"

"இல்ல மாமா. சுத்தமா இருக்கு." இன்னொரு வாய் குடித்தான். கிளாஸைப் பார்த்தபடியே சொன்னான். "நீங்க இதுவரைக்கும் போட்டதுலயே இதுதான் நல்லா இருக்கு. நவம்பர்ல போட்டதவிட."

"சமாதானத்துக்காகச் சொல்லாத."

யுவராஜ் நிமிர்ந்து என்னைப் பார்த்தான். "உங்களச் சமாதானப்படுத்தி எனக்கு என்ன ஆகணும்? நல்லா இல்லன்னா சந்தோஷமா சொல்லியிருப்பேன்."

சொல்லியிருப்பான். சத்தமாக, இன்ஸ்பெக்டருக்கும் மேலே நின்றவர்களுக்கும் கேட்கும்படி சொல்லியிருப்பான். அவன் வாயிலிருந்து வந்த எதையும் இந்த எட்டு மாதத்தில் நான் இவ்வளவு முழுசாக நம்பியதில்லை.

கிளாஸில் மீதி இருந்ததை அவன் குடித்து முடிக்கட்டும் என்று காத்திருந்தேன். பிறகு வால்வைத் திறந்தேன்.